ரப்பர் விலையும் மரத்தின் வயதும்

வரத்து மிகுந்தால் விலை இறங்கும். தேவை மிகுந்தால் விலை ஏறும். பொருளாதாரத்தின் முதற்பாடம் இது. கத்தரிக்காய்க்கு இப்பாடமே போதும். விலை ஏறினால் சில மாதங்களில் புதுக்காய் சந்தைக்கு வந்துவிடும். ரப்பருக்கு இது போதாது. நட்ட கன்று பால் வெட்டும் பருவம் அடைய ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. இந்த இடைவெளி என்ன செய்யும் என்பதை மலாயாவின் வரலாறு காட்டுகிறது.

மோட்டார் வண்டித் தொழில் பெருகிய 1910இல், லண்டனில் ரப்பர் விலை இராத்தலுக்கு 12 ஷில்லிங்கைக் கடந்தது. காடழித்து எங்கும் மரம் நட்டனர். அம்மரங்கள் பால் தரத் தொடங்கிய பின்னர், முதல் உலகப் போரை அடுத்து வாணிபம் மந்தமாயிற்று. 1921இல் விலை ஒரு ஷில்லிங்குக்கும் கீழே வீழ்ந்தது.

பிரிட்டிஷ் அரசாங்கம் 1922 நவம்பரில் மலாயாவிலும் இலங்கையிலும் ஸ்டீவன்சன் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஏற்றுமதிக்கு அளவு விதித்து விலையை உயர்த்துவதே அதன் நோக்கம். 1925இல் விலை 4 ஷில்லிங்குக்கு மேல் ஏறியது. திட்டம் வென்றது போலவே தோன்றிற்று. ஆனால், டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் அதில் சேரவில்லை. நல்ல விலையைக் கண்ட சுமத்திரா, போர்னியோ சிறு குடியானவர்கள் ஏராளமாகக் கன்று நட்டனர். அமெரிக்கர்களோ பழைய ரப்பரைப் பதப்படுத்தி மீண்டும் பயன்படுத்தினர். 1928 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

1925இல் நட்ட கன்று எப்போது பால் தரும்? வாசகர்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். 1931, 1932 என்று விடை வரும். உலகப் பெருமந்தத்தால் மோட்டார் வண்டி வாங்குவோர் அருகிய காலமும் அதுவே. வரத்து மிகுதியும் தேவைக் குறைவும் ஒருசேர வந்தன. 1932இல் விலை இராத்தலுக்கு 2 பென்ஸுக்கும் கீழே சென்றது.

இந்த வீழ்ச்சியின் சுமை யார் தலையில் விழுந்தது? பங்குதாரர் இலாபத்தை இழந்தனர். பால் வெட்டியவரோ பிழைப்பையே இழந்தனர். கூலி குறைக்கப்பட்டது. 1930க்கும் 1932க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் முதலான இந்தியத் தொழிலாளர் தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். சுமத்திராவில் நடப்பட்ட கன்றுக்கும் தம் கூலிக்கும் தொடர்பு உண்டென்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்?

1934இல் உருவான அனைத்துலக ஒப்பந்தத்தில் டச்சுக்காரரும் சேர்ந்தனர். ஏற்றுமதியோடு புதிய நடவுக்கும் அதில் கட்டுப்பாடு வந்தது. மரத்தின் வயதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதை முதலாளிகள் இவ்வாறு கற்றுக்கொண்டனர். விலைச் சரிவால் முதலில் அடிபடும் தொழிலாளியின் பிள்ளையும் இக்கணக்கை அறிந்திருத்தல் வேண்டும்.