தீம்பாருக்கு வந்த பச்சைக் குருவி

ஜொகூரின் தெப்ராவில் வசந்தம் என்று தனியாக ஒரு பருவம் கிடையாது. பால்மரம் இலை கொட்டும் பிப்ரவரி, மார்ச்சுதான் தோட்டத்து ஆட்களுக்குக் கணக்கு. கிளைகள் மொட்டையாகிவிட்டால், மற்ற மாதங்களில் கண்ணுக்குச் சிக்காத பறவைகளும் ரப்பர்க் காடான தீம்பாரில் தெரிய ஆரம்பிக்கும். பால் பிடிக்கும் மங்கைத் துடைத்தபடி அம்மா அண்ணாந்து பார்ப்பார். "பச்சைக் குருவி வந்துருச்சுடி!"

அம்மாவின் பச்சைக் குருவி, நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான். அதன் உறவான நீலவால் பஞ்சுருட்டான் செப்டம்பர் வாக்கில் வடக்கிலிருந்து வந்து ஏப்ரலுக்குள் திரும்பிவிடும். அது கிளம்புகிற சமயத்தில் இது தெற்கிலிருந்து குஞ்சு பொரிக்க வந்து சேரும், ஒரே லயத்து வீட்டில் ஒரு குடும்பம் காலி செய்ய இன்னொன்று குடிவருவதுபோல. உச்சந்தலை செம்பழுப்பு, தொண்டை நீலம், வாலில் இரண்டு நீளக் கம்பி. தேனீயைப் பறந்தே பிடித்து, கிளையில் அடித்துத் தேய்த்துக் கொடுக்கை எடுத்த பிறகே விழுங்கும். மணல் தரையை அலகால் குத்தி, காலால் மண்ணைப் பின்னுக்குத் தள்ளி, வளை தோண்டி முட்டையிடும்.

ஆகவே அதற்குத் திறந்த வெளி வேண்டும். இங்கே அந்த வெளி உண்டான கதை 1844-ல் தொடங்குகிறது. ஜொகூரை ஆண்ட தெமெங்கோங் இப்ராஹிமின் அனுமதியோடு, தான் கீ சூன் என்ற சீனத் தலைவர் தெப்ராவ் ஆற்றோரம் காங்கார் என்ற குடியிருப்பை அமைத்து, கம்பீரும் மிளகும் போட்டார். கம்பீர் இலையைக் காய்ச்ச விறகு ஓயாமல் வேண்டும். சுற்றுக்காடு அடுப்புக்குப் போனது. மண் சலித்ததும் அடுத்த காடு. பிறகு ரப்பர் வந்தது. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த நாற்றுகளின் வழிவந்த மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றைச் சீவ நம் ஆட்கள் கப்பலேறி வந்தார்கள். தமிழ்நாட்டில் பனிக்காலத்தில் வேலிமேல் உட்காரும் பழுப்புக் கீச்சானை, என் பாட்டி இங்கேயும் பார்த்திருப்பார்.

ஆனால் இந்தப் பறவைகளைப் பற்றி எழுதி வைத்தவர்கள் வேறு ஆட்கள். போலீஸ் அதிகாரி மேடாக், ஜப்பானியர் காலத்தில் சிங்கப்பூரின் சாங்கிச் சிறையில் அடைபட்டிருந்தபோது மலாயாப் பறவைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். மலாயா இயற்கைச் சங்கம் அதை 1947-ல் வெளியிட்டது. 1963-ல் பறவை ஆய்வாளர் எலியட் மெக்லூர் தலைமையில் தொடங்கிய ஆய்வில், ஆசியா முழுக்க 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிட்டார்கள். இரண்டையும் நான் மதிக்கிறேன். ஆனால் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, நாள் முழுக்க மரத்தடியிலேயே இருந்தவர்கள் கண்டது ஒரு வரிகூடப் பதிவாகவில்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு.

இங்கிருந்த மவுண்ட் ஆஸ்டின் தோட்டம் இப்போது தாமான், வீடமைப்புப் பகுதி. வீடு கட்டக் கொட்டிய மணலிலும் பச்சைக் குருவி வளை தோண்டுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் அந்த மண்ணில் இயந்திரம் இறக்குமுன், வளை இருக்கிறதா என்று ஒருவர் நடந்து பார்க்கட்டும். இருந்தால், குஞ்சு பறக்கும்வரை அந்த மூலையை விட்டுவைக்கட்டும்.