'செய்யலாம்' எப்போ 'செய்தே ஆகணும்' ஆச்சு? ஒரு பாத்ரூம் மானியத்தின் கதை

இன்றைய எபிசோட் ஒரு அரசாங்க மானியத்தின் வரலாறு. 'மானியமா, ஆளை விடுங்க'ன்னு ஆஃப் பண்ணிடாதீங்க. ராஜாக்கள், போர்கள் பற்றிய எபிசோட்களில் வந்த சண்டைக்கு இதில் வரும் சண்டை குறைஞ்சதில்லை. என்ன, இங்கே சண்டை ஒரே ஒரு வினைச்சொல்லுக்காக நடக்குது.

முதலில் ஒரு பிரிட்டிஷ் வீட்டைக் கற்பனை பண்ணிக்கோங்க. ஒட்டி ஒட்டிக் கட்டின இரண்டு மாடி வீடு. கீழே ஹால், கிச்சன். மேலே பெட்ரூம், பாத்ரூம். நடுவில் ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய குறுகலான மாடிப்படி. இந்த வீட்டில் இருக்கிறவருக்கு ஒரு நாள் பக்கவாதம் வருது. ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பி வரார். படி ஏற முடியாது. அப்போ கட்டில் ஹாலுக்கு வரும். பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி. குளியல் என்பது ஒரு பேசின் தண்ணீரும் துண்டும். வீட்டுக்கு யாராவது வந்தால் அந்த நாற்காலி மேல் ஒரு போர்வையைப் போட்டு மறைக்கணும். வாரக்கணக்கில் இல்லை, சில பேருக்கு வருடக்கணக்கில்.

இதைச் சரி பண்ண என்ன வேணும்? மாடிப்படியில் ஒரு ஸ்டேர்லிஃப்ட், அல்லது கீழேயே தரையோடு தரையாக ஒரு ஷவர், வாசலில் ஒரு சாய்தளம். சில ஆயிரம் பவுண்டு வேலை. அந்தப் பணத்தை உள்ளூர் கவுன்சில் தரணும்னு சொல்லும் ஏற்பாட்டுக்குப் பேர் டிஸேபிள்டு ஃபெசிலிட்டீஸ் கிராண்ட். சுருக்கமா டிஎஃப்ஜி.

கதை 1948-ல் ஆரம்பிக்குது. ஜூலை 5, அந்த நாட்டின் தேசிய சுகாதார சேவை தொடங்கின அதே நாளில் நேஷனல் அசிஸ்டன்ஸ் சட்டமும் அமலுக்கு வந்தது. அதன் 29-ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகளின் நலனுக்கு ஏற்பாடு செய்ய உள்ளூர் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னது. கவனிங்க, அதிகாரம் உண்டு. செய்யலாம். செய்யாமலும் இருக்கலாம். கோட் எழுதுறவங்களுக்கு இது நல்லாவே புரியும். ஒரு ஃபங்ஷனுக்குப் பெர்மிஷன் கொடுத்துட்டா மட்டும் அது ஓடாது, யாராவது அதைக் கூப்பிடணும். விருப்பம் இருந்த கவுன்சில்கள் செய்தன. மற்றவை, தங்கள் ஊரில் எத்தனை மாற்றுத்திறனாளிகள் இருக்கிறார்கள் என்றே எண்ணிப் பார்க்கவில்லை.

இப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடியது. 1969 நவம்பரில், மான்செஸ்டர் பக்கம் வைதன்ஷா தொகுதியின் தொழிற்கட்சி எம்.பி. ஆல்ஃப் மோரிஸுக்கு ஒரு லாட்டரி அடித்தது. நிஜமாவே லாட்டரிதான். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சாதாரண எம்.பி.க்கள் சொந்தமாக மசோதா கொண்டுவர, வருடா வருடம் பெயர்களைக் குலுக்கி எடுப்பாங்க. முதல் சில இடங்களில் வரும் பெயர்களுக்குத்தான் மசோதா சட்டமாகிற உண்மையான வாய்ப்பு. அந்த வருடம் முதலில் வந்தது மோரிஸ் பேர்.

அவருக்கு இந்த விஷயம் புத்தகத்தில் படித்தது இல்லை. அப்பா முதல் உலகப் போரில் ஒரு கண்ணையும் ஒரு காலையும் இழந்து, விஷவாயுவால் நுரையீரல் கெட்டுப்போய்த் திரும்பியவர். மோரிஸுக்கு ஏழு வயதாகும்போது இறந்துபோனார். அந்த வீட்டில் வளர்ந்தவர் கையில் ஒரு மசோதா கிடைத்தால் எதைப் பற்றி எழுதுவார்?

ஆட்சியில் இருந்தது அவருடைய கட்சிதான். ஆனாலும் அரசு ஆரம்பத்தில் உற்சாகம் காட்டவில்லை. காரணம், செலவு. மோரிஸ் விடவில்லை. காது கேட்கும் திறனை முழுசாக இழந்தும் எம்.பி.யாகத் தொடர்ந்த ஜாக் ஆஷ்லி கூட நின்றார். மேலவையில், குதிரை விபத்துக்குப் பிறகு வீல்சேரில் இருந்த பரோனஸ் மாஷம் பேசினார். இதற்கிடையில் பிரதமர் வில்சன் திடீரென்று தேர்தலை அறிவிச்சுட்டார். நாடாளுமன்றம் கலைந்தால் முடியாத மசோதா எல்லாம் குப்பைக்கூடைதான். 1970 மே 29, நாடாளுமன்றம் கலைந்த அதே நாளில் இந்த மசோதாவுக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. ரிலீஸ் நாள் ராத்திரி கடைசி நிமிஷத்தில் மெர்ஜ் ஆன கோட் மாதிரி. நாடாளுமன்றம் அதுக்கு முன்னாடி நாள் கலைந்திருந்தால் இந்த எபிசோடே இருந்திருக்காது.

அந்தச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் முக்கியம். முதல் பிரிவு: கவுன்சில் தன் பகுதியில் எத்தனை பேருக்கு உதவி தேவை என்று கண்டுபிடிக்கணும். இரண்டாம் பிரிவு: ஒருவருக்குத் தேவை இருக்கிறது என்று கவுன்சிலுக்குத் தெரிந்துவிட்டால், அதைப் பூர்த்தி செய்வது கடமை. அந்தப் பட்டியலில் வீட்டில் மாற்றம் செய்ய உதவுவது உண்டு. ரேடியோ, டிவி, தொலைபேசி, சாப்பாடு, ஏன், விடுமுறைப் பயணம்கூட உண்டு. 1970-ல் இதை எழுதியிருக்காங்க. வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறவருக்கு டெலிபோன் ஆடம்பரம் இல்லை என்று ஒரு சட்டம் சொல்வது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

'செய்யலாம்' இப்போ 'செய்தே ஆகணும்' ஆயிடுச்சு. ஆனால் பணம்? கடமை வந்த அளவுக்குப் பணம் வரலை. வீட்டைப் பழுது பார்க்கும் பொது மானியங்களை வளைச்சு நெளிச்சுத்தான் கவுன்சில்கள் சமாளித்தன. 1989-ன் உள்ளாட்சி மற்றும் வீட்டுவசதிச் சட்டம்தான் தனி மானியமாக டிஎஃப்ஜியை உருவாக்கியது. 1990-ல் இருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நடைமுறை. 1996-ல் வந்த இன்னொரு சட்டம் அதைச் செப்பனிட்டது. இன்றைக்கும் ஓடுவது அந்த 1996 வெர்ஷன்தான்.

அதில் எதுக்கெல்லாம் மானியம் என்று தெளிவான பட்டியல். வீட்டுக்குள் வர, போக. ஹாலுக்கு, படுக்கையறைக்கு, கழிப்பறைக்கு, குளியலறைக்குப் போய்ச் சேர. சமைக்க. வீட்டைச் சூடாக வைக்க. ஸ்விட்சைத் தொட. இதில் எனக்குப் பிடிச்ச வரி ஒன்று: மாற்றுத்திறனாளி இன்னொருவரைக் கவனித்துக்கொள்பவராக இருந்தால், அந்தக் கவனிப்புக்காக வீட்டுக்குள் நடமாடவும் மானியம் உண்டு. வீல்சேரில் இருக்கும் ஒரு அம்மா குழந்தையின் அறைக்குப் போகணும் இல்லையா? உதவி வாங்குறவர், உதவி செய்றவர் என்று மனுஷங்களை இரண்டு பெட்டியில் போடாத சட்ட வரி அது.

இப்போ 1997 மார்ச். இன்டர்நெட் ஸ்டாண்டர்டு படிச்சவங்களுக்கு ஆர்எஃப்சி 2119 தெரிஞ்சிருக்கும். 'மஸ்ட்' என்றால் என்ன, 'ஷுட்' என்றால் என்ன, 'மே' என்றால் என்ன என்று வரையறுக்கும் இரண்டு மூணு பக்க ஆவணம். அது வெளிவந்தது 1997 மார்ச். அதே மாசம் 20-ஆம் தேதி, லண்டனில் அந்நாட்டின் உச்ச தீர்ப்பு மன்றம் அதே கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இல்லை, ஆனால் இதைப் பார்த்தப்போ சிரிச்சுட்டேன்.

வழக்கு இதுதான். மத்திய அரசின் நிதி குறைந்ததும் குளாஸ்டர்ஷயர் கவுன்ட்டி கவுன்சில், ஒரு முதியவருக்குச் செய்துவந்த வீடு சுத்தம் செய்யும் உதவியையும் துணி துவைக்கும் உதவியையும் நிறுத்தியது. அவருடைய உடல்நிலை தேறவில்லை. மாறினது கவுன்சிலின் கஜானா மட்டும்தான். 1970 சட்டத்தின் இரண்டாம் பிரிவுப்படி 'தேவை' என்பதை முடிவு செய்யும்போது கையில் இருக்கும் பணத்தைப் பார்க்கலாமா? பார்க்கலாம் என்று மூன்று நீதிபதிகள், கூடாது என்று இரண்டு பேர். கவுன்சில் ஜெயிச்சது. 'செய்தே ஆகணும்' என்ற சொல்லை யாரும் தொடலை. 'தேவை' என்ற வேரியபிளின் மதிப்பு பட்ஜெட்டைப் பொறுத்து மாறலாம்னு ஆக்கிட்டாங்க. என் பார்வையில், கடமை கெட்டியாக இருப்பதுபோல் தெரியும், உள்ளே ஓட்டை.

ஆனா டிஎஃப்ஜி தப்பிச்சது. 1998-ல் பர்மிங்ஹாம் நகர கவுன்சில் மீதான வழக்கில், 1996 சட்டப்படி மானியம் தரலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும்போது கவுன்சிலின் பணநிலையைப் பார்க்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. வேலை அவசியமா, பொருத்தமா, அந்தக் கட்டடத்தில் செய்ய முடியுமா என்று மட்டும்தான் பார்க்கணும். அதனால்தான் இன்றும் அங்கே தகுதி இருக்கிற ஒருவரிடம், எங்ககிட்ட காசு இல்லை, அதனால் மானியம் இல்லை என்று கவுன்சில் சொல்ல முடியாது.

சொல்ல முடியாது. காக்க வைக்க முடியும். விஷயமே இங்கேதான்.

முழுமையான விண்ணப்பம் வந்த நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்லணும் என்பது சட்டம். சாஃப்ட்வேர்காரனுக்கு இதைப் படிச்ச உடனே சந்தேகம் வரும்: கடிகாரம் எப்போ ஓட ஆரம்பிக்குது? விண்ணப்பம் முழுமையானால்தான் ஆரம்பம். அதற்கு முன்னாடி என்ன மாற்றம் வேணும் என்று ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து பார்க்கணும். அந்த வரிசையில் காத்திருக்கும் மாதங்கள் கணக்கில் இல்லை. இங்கிலாந்தின் பல பகுதிகளில் இந்தத் தெரபிஸ்ட் கவுன்ட்டி கவுன்சிலின் ஆள். மானியம் தருவதோ அதுக்குக் கீழே உள்ள மாவட்ட கவுன்சில். இரண்டு ஆபீஸ், இரண்டு பட்ஜெட், நடுவில் ஒரு கடிதம். தெரபிஸ்ட் வர எத்தனை மாசம் ஆனாலும் மாவட்டத்தின் ரிப்போர்ட்டில் எல்லாம் பச்சை. லண்டனுக்குள் நம்ம ஆட்கள் நிறைய இருக்கிற ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கமெல்லாம் ஒரே கவுன்சில்தான் இரண்டையும் பார்க்குது, அதனால் இந்தக் குறிப்பிட்ட சிக்கல் அங்கே இல்லை. உள்ளாட்சி குறைதீர்ப்பாளர் 2016-ல் இந்த மாற்றங்களில் வரும் தாமதத்தைப் பற்றியே ஒரு தனி அறிக்கை வெளியிட்டார்.

அடுத்தது வருமானச் சோதனை. உங்கள் வருமானத்தையும் சேமிப்பையும் வைத்து, நீங்க எவ்வளவு கடன் வாங்கித் திருப்பிக் கட்ட முடியும் என்று ஒரு கணக்கு. அந்தத் தொகையை உங்க பங்காகக் கழிச்சுட்டு மீதிதான் மானியம். வீட்டுக் கடனுக்கு மாசம் எவ்வளவு கட்டுறீங்க என்பதை அந்தக் கணக்கு கேட்பதே இல்லை. குழந்தைக்காக விண்ணப்பித்தால் அப்பா அம்மா வருமானம் எடுத்துக்கொள்ளப்பட்டது. அப்போ யாருக்கு அடி? வீட்டுக் கடனும், கூடவே மாற்றுத்திறனாளிக் குழந்தையும் இருக்கிற, வேலை பார்க்கும் நடுத்தரக் குடும்பத்துக்கு. குழந்தை வளர வளர அம்மா முதுகில் சுமந்து படி ஏறுவாங்க, இல்லேன்னா கடன்மேல் கடன். குடும்பங்களும் அமைப்புகளும் பல வருடம் போராடின பிறகு, முதலில் வட அயர்லாந்தும் பிறகு 2005 கடைசியில் இங்கிலாந்தும் குழந்தைகளுக்கு இந்தச் சோதனையை எடுத்தன. பெரியவர்களுக்கு அது அப்படியே இருக்கு.

உச்சவரம்பு என்று ஒன்று இருக்கே, அதையும் பார்த்துடலாம். 2008-ல் இங்கிலாந்தில் இது 25,000 பவுண்டில் இருந்து 30,000 ஆனது. தோட்டத்துக்குப் போக வழி செய்வதும் அப்போதான் பட்டியலில் சேர்ந்தது. அதுக்கப்புறம்? இன்னும் 30,000தான். வேல்ஸில் 36,000. அதே காலத்தில் மத்திய அரசு ஒதுக்கும் மொத்தத் தொகை 2015-16-ல் 22 கோடி பவுண்டு, 2021-22-ல் 57.3 கோடி. மொத்தப் பானை இரண்டரை மடங்கு பெரிசாச்சு, கரண்டி அதே சைஸ். ஷவருக்கும் ஸ்டேர்லிஃப்டுக்கும் அந்தக் கரண்டி போதும். கீழ்த்தளத்தில் புதுசா ஒரு படுக்கையறையும் குளியலறையும் கட்டணும்னா, இப்போதைய கட்டுமானச் செலவுக்கு அது எட்டாது. அப்படித் தேவைப்படுவது பெரும்பாலும் யாருக்கு? கடுமையான குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு. ஒரு கையால் வருமானச் சோதனையை எடுத்துட்டு, இன்னொரு கையால் கதவைப் பாதி சாத்தின மாதிரி. அரசே கேட்டு வாங்கி 2018-ல் வெளியான ஒரு ஆய்வு, உச்சவரம்பை உயர்த்தச் சொன்னது. 2002-ல் வந்த ஒரு ஆணைப்படி கவுன்சில்கள் விரும்பினால் மேலே போட்டுத் தரலாம். சில இடங்களில் ஸ்டேர்லிஃப்டுக்கு வருமானச் சோதனையே கிடையாது. ஆக, சுத்தி வந்து மறுபடி 1948-ன் 'செய்யலாம்'.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் தப்பு. பெரிய வேலை மட்டும்தான் வாழ்க்கையை மாத்தும்னு இல்லை. ஃபிரான்சிஸ் ஹேவுட் என்ற ஆய்வாளர் 2001-ல் மாற்றம் செய்த வீடுகளுக்கெல்லாம் போய் விசாரிச்சு எழுதினார். கைப்பிடி, சின்னச் சாய்தளம் போன்ற, பெரும்பாலும் 500 பவுண்டுக்கும் குறைவான வேலைகளே நீண்ட காலம் பலன் தந்தன. காசு மிச்சம் பிடிக்கணும்னு தேவையைவிடச் சின்னதாகக் கட்டின வேலைகள் முழுசாக வீணாகின. 2003-ல் இருந்து இங்கிலாந்தில் 1,000 பவுண்டுக்குள் வரும் சின்ன மாற்றங்களுக்குக் கட்டணமே கிடையாது. வருமானம் எவ்வளவுன்னு யாரும் கேட்க மாட்டாங்க.

ஆல்ஃப் மோரிஸ் 1974-ல் பிரிட்டனின் முதல் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை அமைச்சர் ஆனார். 2012-ல் இறந்தார். அவருடைய இரண்டாம் பிரிவு இங்கிலாந்தில் பெரியவர்களுக்கு இப்போது கிடையாது. 2015-ல் அமலுக்கு வந்த புதிய பராமரிப்புச் சட்டம் அதன் இடத்தை எடுத்துக்கொண்டது. குழந்தைகளுக்கு மட்டும், மே 29 அன்று அவசரமாக மெர்ஜ் ஆன அந்தப் பழைய வரிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.