எண்ணப்பட்ட ஊரும் எண்ணப்படாத வீடும்

பள்ளியில் ஒருநாள் வருகைப் பதிவேட்டைப் பார்த்தால், அன்று எத்தனை பிள்ளைகள் வந்தனர் என்பது தெரியும். வாராத பிள்ளை ஏன் வரவில்லை, சென்ற ஆண்டைவிட நிலைமை திருந்தியதா என்பவற்றை அந்த ஒரு பக்கம் சொல்லாது. ஒரு காலக்கட்டத்தில் மக்களின் நிலையைக் கேட்டு எழுதும் கணக்கெடுப்பும் இத்தகையதே. இதனைக் குறுக்குவெட்டு ஆய்வு என்பர் அறிஞர். நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இவ்வாய்வின் வலிமையையும் குறையையும் நம் இளைஞர் அறிதல் நலம்.

இதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. விழுப்புரத்திலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டியுள்ள இருவேல்பட்டு, ஆராய்ச்சி உலகம் அறிந்த ஊராகும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளாதாரத்தின் முதற் பேராசிரியராக விளங்கிய கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களை அவரவர் ஊர்களை ஆராயுமாறு பணித்தார். அவ்வாறு எழுதப்பட்டவை 1918இல் நூலாயின. அவற்றுள் ஒன்று அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டு. அந்நாளில் கல்லூரி வாயிலை மிதித்தவர் எவ்வீட்டுப் பிள்ளைகள் என்பதை நாம் விளக்க வேண்டுவதில்லை. கேட்டு எழுதியவர் ஊர்த்தெருவினர். எழுதப்பட்டவருள் நம் சேரியினரும் இருந்தனர்.

ஆயினும் அந்நூல் நமக்குப் பயன்படாமற் போகவில்லை. திருமணச் செலவுக்கு வாங்கிய கடன் தீராமல், தந்தைக்குப்பின் மகன் என உழைத்த படியாட்களின் நிலை அதில் பதிவாகியுள்ளது. நம் பாட்டன்மார் சொல்லக் கேட்டவை கட்டுக்கதை அல்ல என்பதற்கு அதுவே எழுத்துச் சான்று.

ஒருமுறை எண்ணியதோடு நின்றிருந்தால் இருவேல்பட்டின் கதை ஒரே நிழற்படமாக முடிந்திருக்கும். 1936-37, 1961, 1981, 2008 என அவ்வூர் மீண்டும் மீண்டும் ஆராயப்பட்டது. 1981ஆம் ஆண்டு ஆய்வைக் குகனும் ஜோன் மென்ச்சரும் எழுதினர். 2008ஆம் ஆண்டு ஆய்வை ஜான் ஹாரிஸ், ஜெயரஞ்சன், நாகராஜ் ஆகியோர் எழுதினர். படங்களை வரிசையாக அடுக்கிய பின்னரே, பெருநிலக்காரர் பிடி தளர்ந்ததும் உழவல்லாத வேலைகள் பெருகியதும் புலனாயின. ஒருநாட் கணக்கு நிலையைக் காட்டும். பலநாட் கணக்கே மாற்றத்தைக் காட்டும்.

நோய்க் கணக்கிலும் இவ்விதியே. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை. எங்கே எவ்வளவு மருந்தும் உணவும் வேண்டும் என்று திட்டமிட இக்கணக்கு உதவும். ஆனால் சோகையால் ஒரு பெண் படிப்பை விட்டாளா, படிப்பை விட்டுக் கூலிக்குச் சென்றதால் சோகை வந்ததா, இரண்டிற்கும் வறுமையே வேரா என்பதை ஒருமுறை கேட்டறிந்த கணக்கால் தீர்க்க இயலாது. இரண்டு ஒருங்கே இருப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது.

இன்னொரு குறையும் உண்டு. தைக்குப்பின் திண்டிவனம் வட்டாரச் சேரிகளைச் சுற்றி வந்தால் பூட்டிய வீடுகளைக் காணலாம். குடும்பத்தோடு செங்கல் சூளைக்குச் சென்றோர் வீடுகள் அவை. அன்று கணக்கெடுக்க வருபவர் ‘ஆள் இல்லை’ என எழுதிச் சென்றால், மிக வறியவரே கணக்கிலிருந்து விடுபடுவர். எஞ்சியோரை எண்ணிப் பார்த்து, ‘சேரி முன்னேறிவிட்டது’ எனவும் கூறுவர்.

எண்ணி எழுதுவதால் என்ன பயன் எனச் சிலர் வினவலாம். 1891இல் செங்கற்பட்டு ஆட்சியராயிருந்த திரமென்ஹீர் நம் மக்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அதன் தொடர்ச்சியாகவே 1892இல் பஞ்சமி நிலம் வழங்கும் அரசாணை பிறந்தது. அந்நிலங்களில் பல பின்னர் கைமாறின; அதுவும் நாம் எண்ணி எழுத வேண்டிய கணக்கே.

ஆதலின் இளைஞர்களே, ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீடுதோறும் படிப்பு, நோய், நிலம், கடன் ஆகியவற்றைக் கேட்டு எழுதுங்கள். பூட்டிய வீட்டையும் குறித்து, அவர்கள் திரும்பும் காலத்தில் மீண்டும் செல்லுங்கள். ஐந்தாண்டு கழித்து, அதே வினாக்களை அதே வீடுகளில் கேளுங்கள். நூறாண்டுக்கு முன் பிறர் நம்மை எழுதினர். இனி நம்மை நாமே எழுதுவோம்.