தம்பி மனைவி

1990-ம் வருடம், மே மாதம். நியூயார்க்கில் ஓர் ஏலம். கன்னத்தில் கையை ஊன்றியபடி சோகமாக உட்கார்ந்திருக்கும் ஒரு டாக்டரின் ஓவியம் மேடைக்கு வந்தது. வரைந்தவர் வின்சென்ட் வான்கோ. ஜப்பானியத் தொழிலதிபர் ஒருவர் அதை 8 கோடியே 25 லட்சம் டாலர் கொடுத்து வாங்கினார். அதுவரை எந்த ஓவியமும் அந்த விலைக்கு ஏலம் போனதில்லை!

இதே படம் 1897-ல் விற்றபோது கிடைத்த தொகை, 300 பிராங்க். விற்றவர் ஒரு விதவை. 'அடப்பாவமே, ஏமாந்துட்டாளே!' என்று உச்சுக் கொட்டாதீர்கள். 300 பிராங்க் அத்தனை கோடி டாலராக மாறியதற்கு முக்கியக் காரணமே அந்தப் பெண்மணிதான்!

அவர் பெயர் யோஹன்னா. வான்கோவின் தம்பி தியோவின் மனைவி. தியோ பாரீஸில் ஓவிய வியாபாரி. அண்ணனுக்கு மாதாமாதம் பணமும், பெயின்ட்டும் அனுப்பிக் காப்பாற்றியவர். பதிலுக்கு அண்ணன் வரைந்து அனுப்பிய படங்கள் தம்பி வீட்டில் குவிந்தன. விற்றதா என்றால்... பெல்ஜியத்தில் ஒரு பெண் ஓவியர் 400 பிராங்குக்கு வாங்கிய ஒரு படத்தைத்தான் எல்லோரும் இன்றுவரை உதாரணம் காட்டுகிறார்கள்.

1890 ஜூலையில் வான்கோ துப்பாக்கிக் குண்டுக் காயத்தால் இறந்தார். அந்தத் துக்கத்தோடு நோயும் முற்றி, ஆறே மாதத்தில் தியோவும் போய்விட்டார். யோஹன்னாவுக்கு வயது 28. கல்யாணமாகி இரண்டு வருடம்கூட முடியவில்லை. கைக்குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வர இன்னும் ஆறு நாள் பாக்கி!

சொத்து? நூற்றுக்கணக்கான ஓவியங்கள், கோட்டுச் சித்திரங்கள், அலமாரி நிறைய அண்ணன் தம்பிக்கு எழுதிய கடிதங்கள். 'இந்தக் குப்பையை ஒழித்துக்கட்டு' என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. யோஹன்னா அத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டு சொந்த நாடான ஹாலந்துக்குத் திரும்பினார். புஸும் என்ற ஊரில் ஒரு வீடு பிடித்து, வாடகைக்கு ஆள் வைத்து, சாப்பாடும் போடும் விடுதி நடத்தினார். இடையிடையே மொழிபெயர்ப்பு வேலை. சுவர் பூராவும் மச்சினர் வரைந்த படங்கள்! குழந்தையோடு சேர்த்து இந்தப் படங்களையும் கணவர் தன்னிடம் விட்டுப் போயிருக்கிறார், அவற்றை உலகம் பார்க்கும்படி செய்வது தன் வேலை என்று டைரியில் எழுதிவைத்தார்.

எழுதுவது சுலபம். செய்வது? யோஹன்னா ஓவியக் கலை படித்தவரல்ல, இங்கிலீஷ் டீச்சராக இருந்தவர். ரோலண்ட் ஹோல்ஸ்ட் என்ற ஓவியர், 'தனக்குப் புரியாத விஷயத்தில் இந்தம்மா இப்படி உருகுகிறாளே' என்று எரிச்சலோடு கடிதம் எழுதினார். (அதே மனுஷன்தான் 1892-ல் ஆம்ஸ்டர்டாமில் வான்கோ கண்காட்சியை ஏற்பாடு செய்து, அதன் கேட்டலாக் அட்டையில் வாடிய சூரியகாந்திப் பூவையும் வரைந்தார்!) யான் வேத் என்ற விமர்சகருக்கோ அந்தப் படங்களின் முரட்டுத்தனமே பிடிக்கவில்லை. யோஹன்னா வாதாடவில்லை. வான்கோவின் கடிதங்களை எடுத்து அவர் கையில் கொடுத்து, 'படித்துப் பாருங்கள்' என்றார். படித்தவர் மனம் மாறினார், பாராட்டியும் எழுதினார்.

கடிதங்களின் பலம் தெரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் உடனே புத்தகம் போட்டிருப்பார்கள். காதை அறுத்துக்கொண்ட கதை, பைத்தியக்கார ஆஸ்பத்திரி... சுடச்சுட விற்காதா? யோஹன்னா இருபது வருடத்துக்கு மேல் காத்திருந்தார். முதலில் படங்களுக்கு மரியாதை கிடைக்கட்டும், அப்புறம் ஆளைப் பற்றிப் பேசலாம் என்பது அவர் கணக்கு. 1914-ல்தான் கடிதங்கள் மூன்று பாகங்களாக வெளியாயின.

விற்பனையிலும் அவரிடம் ஒரு சூட்சுமம் இருந்தது. கண்காட்சிக்குப் படங்களை அனுப்பும்போது மிகச் சிறந்தவற்றையும் சேர்த்து அனுப்புவார். ஆனால் அவற்றுக்குப் பக்கத்தில் 'விற்பனைக்கு அல்ல' என்று போட்டுவிடுவார்! ஜவுளிக்கடை ஷோகேஸில் பிரமாதமான புடவையை மாட்டி, 'இதைத் தரமாட்டோம்' என்றால் எப்படியிருக்கும்? பார்த்தவர்கள் ஏங்கினார்கள், பக்கத்திலிருந்ததை வாங்கினார்கள். மொத்தமாகக் கொட்டி விலையைக் கெடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாகவே வெளியே விட்டார். யாருக்கு, எவ்வளவுக்கு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு நோட்டு! அந்த நோட்டு இன்றும் இருக்கிறது.

1905-ல் துணிந்து ஒரு காரியம் செய்தார். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெடலிக் மியூசியத்தில் அறைகளை வாடகைக்கு எடுத்து, தானே முன்னின்று கண்காட்சி நடத்தினார். 480-க்கும் மேற்பட்ட படைப்புகள்! அதற்குப் பிறகு விலை ஏறத் தொடங்கியது. பெர்லினில் கேஸிரர் என்ற வியாபாரி மூலம் ஜெர்மானியர்கள் நிறைய வாங்கினார்கள். (அந்த டாக்டர் படத்தை 300 பிராங்குக்குக் கொடுத்ததெல்லாம் ஆரம்ப காலத்தில். எந்த வியாபாரியும் கொஞ்சம் நஷ்டப்பட்டுத்தானே கற்றுக்கொள்கிறார்!)

1914-ல் இன்னொன்றும் செய்தார். ஹாலந்தில் புதைக்கப்பட்டிருந்த கணவரை எடுத்துச் சென்று, பிரான்ஸில் ஓவர் கிராமத்தில் அண்ணனின் சமாதிக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார். இதையும் விளம்பர உத்தி என்று சொல்பவர்கள் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

1924-ல் லண்டனிலிருந்து சூரியகாந்தி ஓவியத்தைக் கேட்டார்கள். 'முப்பது வருஷத்துக்கும் மேலாக தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் படம், தரமுடியாது' என்று முதலில் மறுத்தார். பிறகு, வின்சென்ட்டின் புகழுக்காக என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு கொடுத்தார். மறுவருடம் செப்டம்பரில் இறந்தார். கடிதங்களை இங்கிலீஷில் மொழிபெயர்க்கும் வேலை பாதியில் நின்றது.

குழந்தை பிறந்த சமயத்தில் பெரியப்பா பரிசாக வரைந்து அனுப்பிய படம் ஒன்று உண்டு. நீல வானம், அதன்மேல் வெள்ளையாகப் பூத்த பாதாம் மரக் கிளைகள். அதை யோஹன்னா கடைசிவரை யாருக்கும் விற்கவில்லை. 1973-ல் ஆம்ஸ்டர்டாமில் திறக்கப்பட்ட வான்கோ மியூசியத்துக்கு, அந்தப் 'குழந்தை' மூலமாகத்தான் அது வந்து சேர்ந்தது.