சூறாவளியும் நமது வீடுகளும்: 1978 தரும் பாடம்

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு மட்டக்களப்புக் கரையைத் தாக்கிய சூறாவளியில் 915 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ 2,50,000 வீடுகள் சேதமடைந்தன. இந்த எண்ணிக்கைகளை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். எந்த வீடு விழுந்தது, எது நின்றது, ஏன் என்பதையும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

கிழக்கின் முஸ்லிம், தமிழ் ஊர்களில் அன்று கிடுகு வேய்ந்த மண்வீடும் இருந்தது. தகரக் கூரை வீடும், ஓட்டுக் கூரைக் கல்வீடும் இருந்தன. மண்வீடு போகும், கல்வீடு நிற்கும் என்பதே பொது எண்ணம். என்னோடு படிப்பித்து ஓய்வுபெற்ற காத்தான்குடி ஆசிரியர் ஒருவர், அன்று சிறு பிள்ளையாய்க் கண்டதை இப்படிச் சொன்னார்: "சுவர் முதல்ல விழல்ல சேர். கூர போச்சு, அதுக்குப் பொறகுதான் சுவர் சரிஞ்சிச்சி. பறந்து வந்த தகரம்தான் பெரிய பயம்."

இந்த வாக்குமூலத்தில் விஞ்ஞானம் இருக்கிறது. காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். கூரைக்கு மேலால் விரையும் காற்று அதைக் கீழே அமுக்குவதைவிட மேலே இழுப்பதே அதிகம். கதவோ யன்னலோ உடைந்தால் உள்ளே புகுந்த காற்றும் சேர்ந்து தள்ளும். சரிவு குறைந்த தகரக் கூரைக்கு ஆபத்து மிகுதி. ஓட்டுக்குப் பாரம் உண்டு. ஆனாலும் கட்டப்படாத ஓடுகள் ஓரத்திலிருந்து கிளம்பும். கூரை போனபின், மேலே பிடிப்பில்லாத கல்சுவரும் தனிச்சுவர்தான். கொங்கிரீட் தட்டுக் கூரை தன் பாரத்தாலேயே தாக்குப்பிடிக்கும். ஆனால் அது ஏழைக்கு எட்டாத செலவு.

அவுஸ்திரேலியாவின் டார்வின் நகரை 1974 நத்தார் தினத்தில் ட்ரேசி சூறாவளி தாக்கியபோது பெரும்பாலான வீடுகள் அழிந்தன. அவை வசதியான நாட்டின் வீடுகள். விடாமல் அசைத்த காற்றில் ஆணிகளைச் சுற்றித் தகடு வெடித்துக் கழன்றது. அதன்பின் கூரையிலிருந்து அத்திவாரம் வரை ஒரே தொடராகப் பிணைக்க வேண்டும் என்று அங்கு விதிகள் கடுமையாக்கப்பட்டன.

பிணைப்பின் அருமை நம் பகுதிக்குப் புதிதல்ல. பிலிமத்தலாவைக்கு அருகே, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த எம்பக்கை தேவாலய மண்டபத்தில், 26 கைமரங்களை ஒரே பெரிய மர முளை பிடித்து நிற்கிறது. 'மடொல் குருபாவ' என்பார்கள். சூறாவளியை நினைத்துச் செய்ததல்ல. எனினும் மூட்டில்தான் கூரையின் உயிர் என்பதை அந்தத் தச்சர்கள் அறிந்திருந்தனர். நாற்புறமும் சரியும் பழைய கண்டிக் கூரையும், இருபுறம் மட்டும் சரியும் கூரையைவிடக் காற்றுக்கு நன்றாக ஈடுகொடுக்கும்.

இன்று நம்மூரில் மேட்டு நிலங்களிலும் இலேசான தகட்டுக் கூரைகள் பெருகிவிட்டன. மேட்டு முகட்டில் காற்று இன்னும் வேகமெடுக்கும். 2025 நவம்பரின் டித்வா புயலோ இன்னொரு பாடத்தையும் தந்தது. கண்டி மாவட்டத்தில் அது உயிர் குடித்தது பெரும்பாலும் மண்சரிவால். வெட்டிய சரிவின் கீழே எவ்வளவு உறுதியான கல்வீடும் காப்பாற்றாது. எனவே நம் மலையில் முதல் கேள்வி நிலம் பற்றியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வரைபடங்கள் அதற்கென்றே உள்ளன.

அடுத்த கேள்வியை மேசன் பாஸிடமும் தச்சரிடமும் கேட்க வேண்டும்: கைமரத்தைச் சுவரோடு எதனால் கட்டுகிறீர்கள்? வெறும் ஆணியா, சுவருக்குள் இறக்கிய இரும்புப் பட்டியா? விறாந்தைக் கூரை தனியா, பெரிய கூரையின் நீட்சியா? தனியாக இருந்தால், அது பறந்தாலும் வீடு மிஞ்சும். மீளக் கட்டும் வீடுகளுக்கு நாம் உதவும்போது, தகட்டோடு பட்டிக்கும் சேர்த்துக் கணக்குப் போடுவோம். செலவில் அது சிறு பங்குதான்.