செஞ்சிக் கோட்டைக்கு ஒரு பெட்டி சிப்பாய்கள்

போன வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது புனேயிலிருந்து என் பேரன் போன் செய்தான். மகளும் மருமகனும் அங்கே வேலையில் இருப்பதால் அவனும் அங்கேதான் ஐந்தாம் வகுப்பு படிக்கிறான்.

"தாத்தா, இந்தத் தடவை எங்க பில்டிங்ல செஞ்சிக் கோட்டை கட்டறோம். மராத்தி சிப்பாய் எல்லாம் வாங்கியாச்சு. எதிர்ப் பக்கத்து சிப்பாய்தான் எங்கயும் இல்ல. உங்க ஊர்ல கிடைக்குமா?"

கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன். கோட்டை நம் ஊரில் இருக்கிறது, சண்டையும் இங்கேதான் நடந்தது, பொம்மை மட்டும் கிடைக்காமல் போய்விடுமா என்று ஒரு தைரியம். அந்த ஒரு வார்த்தைக்காக ஆறு மாதம் அலைந்தேன்.

புனே வழக்கம் நம் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தீபாவளி வந்தால் அங்கே பிள்ளைகள் வாசலில் கோட்டை கட்டுவார்கள். கல், செங்கல், பழைய கோணி, செம்மண் இவற்றைக் கொண்டு மலை எழுப்பி, மேலே கடுகு தூவித் தண்ணீர் தெளிப்பார்கள். நாலு நாளில் நம் முளைப்பாரி மாதிரி பச்சைப் பசேலென்று வளர்ந்துவிடும். உச்சியில் சிம்மாசனத்தில் சிவாஜி, படிகளில் மாவளே என்று அவர்கள் சொல்லும் மலைநாட்டுக் காலாட்கள், கீழே பீரங்கி. கசபா பேட்டை பக்கம் கும்பார்வாடா என்ற குயவர் பகுதியில் இந்தப் பொம்மைகளைக் குவித்து வைத்து விற்பதை ஒருமுறை நானே போய்ப் பார்த்தேன். மண் பொம்மையும் உண்டு, இப்போது பிளாஸ்டிக்கும் வந்துவிட்டது.

வழக்கமாக ராய்கட், பிரதாப்கட் என்று அவர்கள் ஊர்க் கோட்டைகளைத்தான் கட்டுவார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியரின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று நம் செஞ்சி. என் பேரனுக்குப் பள்ளியில் திடீர் மவுசு வந்தது அதனால்தான்.

நான் தேட ஆரம்பித்தேன். நம் பஸ் ஸ்டாண்டு கடைகளிலும், மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்துக் கடைகளிலும் பொம்மைச் சிப்பாய் இருக்கத்தான் செய்தது. எல்லாம் ஒரே பச்சை நிறம். இரும்புத் தொப்பி போட்டுக்கொண்டு, துப்பாக்கியோடு குப்புறப் படுத்திருக்கும். இரண்டாம் உலகப் போர் அமெரிக்கச் சிப்பாய். அவனைக் கொண்டுவந்து ராஜகிரி அடிவாரத்தில் படுக்க வைத்தால் நன்றாகவா இருக்கும்?

நம் தலைமுறைக்கு பிளாஸ்டிக் பொம்மை என்றால் பினாகா பற்பசை டப்பாவில் இலவசமாக வந்த குட்டி மிருகங்கள்தான். சிங்கம், ஒட்டகம் என்று சேர்த்து வைத்துக்கொண்டு பள்ளியில் மாற்றிக்கொள்வோம். மேல்நாட்டுப் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் சிப்பாய் இருந்தான். லண்டனில் பிரிட்டன் என்ற குடும்பத்தார் 1893இல் உள்ளே கூடாக ஈயத்தை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்து விலையைக் குறைத்தார்கள். அவர்கள் வார்த்தவற்றில் மதராஸ் ராணுவச் சிப்பாய்களும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளை பார்த்தே இராத மதராஸ் சிப்பாயை வைத்து லண்டன் பிள்ளை விளையாடியிருக்கிறான்.

இதைப் பெரியவர்களும் விளையாடினார்கள். யானை, குதிரை, தேர், காலாள் என்று நாற்படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கம் நம் நாட்டில் பிறந்தது. பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தையும் மகனும் 1812லிருந்து 1824க்குள் அதைக் கட்டத்திலிருந்து விடுவித்து, நிலப்படம், பகடை, நடுவர் எல்லாம் வைத்து ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சியாக்கினார்கள். ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913இல் வீட்டுத் தரையில் ஈயச் சிப்பாய்களை நிறுத்தி, ஸ்பிரிங் பீரங்கியால் சுட்டு விளையாடும் விதிகளை ஒரு புத்தகமாகவே போட்டார். நிஜச் சண்டைக்கு இந்தக் குட்டிச் சண்டை எவ்வளவோ மேல் என்பது அவர் கட்சி. மறு வருஷமே முதல் உலகப் போர் வந்துவிட்டது. பிற்பாடு ஈயம் உடம்புக்கு ஆகாது என்று பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். 1959லிருந்து ஏர்ஃபிக்ஸ் கம்பெனி ஓர் அங்குல உயரச் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக விற்றது. இன்றைக்கும் சரித்திரச் சண்டை விளையாடுகிறவர்களில் சிலர் தேடுவது அந்த அளவைத்தான். எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்று கணக்கு.

அந்த அளவில் ரோமாபுரி வீரன் கிடைக்கிறான், நெப்போலியன் படை கிடைக்கிறது. மொகலாயனும் மராத்தியனும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆன்லைனில் "இந்திய வீரர்கள்" என்று போட்டிருந்த ஒரு பொட்டலத்தை நம்பிப் பணம் கட்டினேன். பிரித்துப் பார்த்தால் தலையில் இறகு வைத்து, கையில் வில் பிடித்த அமெரிக்கச் செவ்விந்தியர்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, கொலம்பஸ் செய்த குழப்பம் என் வீடு வரை வந்துவிட்டது. திருப்பி அனுப்பும் நாளும் கடந்திருந்தது.

அப்புறம் ஐயனாருக்கு மண் குதிரை செய்கிற ஒருவரிடம் போய்ச் சின்னதாக இருபது குதிரை கேட்டேன். "எவ்ளோ சின்னதுங்க?" என்றார். சுண்டுவிரல் நுனியைக் காட்டினேன். "சாமிக்குச் செய்யற கை சார் இது. இவ்ளோ சின்னதுக்கு என் விரலே பெருசு" என்று சிரித்துவிட்டார். நியாயம்தான்.

கடைசியில் வழி காட்டியவர் சென்னையில் இந்த விளையாட்டில் ஈடுபாடுள்ள ஒரு நண்பர். "துருக்கி ஜானிசாரி வீரர் பெட்டி வெளிநாட்டுத் தயாரிப்பில் வருது. அங்கி, தலைப்பாகை எல்லாம் அந்தக் காலத்து மாதிரிதான் இருக்கும். நீங்க கொஞ்சம் மாத்திக்குங்க" என்றார். இரண்டு பெட்டி வரவழைத்தேன். எம்-சீலை உருட்டித் தலைப்பாகையைப் பெரிதாக்கினேன். இந்த பிளாஸ்டிக் வழவழப்பானது, நேராகப் பூசினால் பெயிண்ட் உரிந்துவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி, தண்ணீர் கலந்த ஃபெவிகாலை ஒரு பூச்சு பூசிக் காயவிட்டு, அதன்மேல் துணிக்கு அடிக்கும் வர்ணத்தை அடிக்க வேண்டும். கை நடுக்கத்தோடு ஒரு நாளைக்கு நாலு ஆள்தான் முடிந்தது.

நான் வேலை பார்த்தது நில அளவைத் துறையில். அதனால் அடுத்த கவலை அளவு. ராஜகிரி சுமார் 800 அடி உயரம். சிப்பாய் எழுபத்திரண்டில் ஒரு பங்கு என்றால் மலையும் அப்படித்தானே இருக்க வேண்டும்? வகுத்துப் பார்த்தேன், 11 அடி வந்தது. 13 கிலோமீட்டர் மதில் 180 மீட்டர் வந்தது. என் வீட்டு மனையை விற்றாலும் அதற்கு இடம் போதாது. உச்சிக்குப் போகும் வழியில் மரப்பாலம் போட்ட அந்தப் பிளவு மட்டும் சரியாக அமைந்தது. 24 அடி அகலம், நாலு அங்குலம் ஆயிற்று.

விளையாடுகிறவர்கள் இதற்கு ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்கள். ஆளுக்கு ஓர் அளவு, நிலத்துக்கு ஓர் அளவு. நிலத்தை ஆயிரத்தில் ஒரு பங்காக்கினால் மலை பத்து அங்குலத்துக்குள் அடங்கும். ஒரு பொம்மை ஓர் ஆள் அல்ல, ஐம்பது ஆள் என்று வைத்துக்கொள்வது. முப்பது வருஷம் சங்கிலி பிடித்து அளந்தவனுக்கு இது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது.

இந்தச் சித்திரையில் பேரன் லீவுக்கு வந்தான். மொட்டை மாடியில் மூன்று மலையும் எழும்பின. பெயிண்ட் அடிக்காமல் மீதம் இருந்த பொம்மைகளைப் பார்த்து, "மொகலாயருக்கு எல்லாம் பச்சை அடிச்சிடலாம் தாத்தா, மராத்தியருக்குக் காவி" என்றான்.

நான் தடுத்தேன். 1690இல் முற்றுகை போட வந்த சுல்பிகர் கானின் படையில் முக்கியத் தளபதி ஒருவர் தல்பத் ராவ் என்ற புந்தேலா ராஜபுத்திரர். அவருக்குப் பச்சையா, காவியா? கோட்டை விழுந்தபின் அதன் கில்லேதாராக மொகலாயர் அமர்த்திய சரூப் சிங்கும் புந்தேலாதான். அந்த சரூப் சிங்கின் மகன் யார்? தேஜ் சிங். நாம் தேசிங்கு ராஜன் என்று கொண்டாடுகிறவன்.

1960இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த "ராஜா தேசிங்கு" படத்தைப் பார்த்தவர்களும், கதைப்பாட்டாகத் தெருவில் கேட்டவர்களும் இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள். 1714 அக்டோபரில் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்து, சில நூறு பேரோடு போய் விழுந்தான் தேசிங்கு. அவனோடு கூட நின்று செத்த நண்பன் ஒரு முஸ்லிம். கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்தவன் என்று கதைப்பாட்டு சொல்கிறது. அந்த நண்பனுக்கு எந்த வர்ணம் அடிப்பது?

பேரன் யோசித்தான். "அப்போ யூனிஃபார்ம் கிடையாதா?" என்றான். அந்தக் காலத்தில் கிடையாது. அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த அங்கி, அவரவர் தலைப்பாகை. கடைசியில் எல்லாருக்கும் வெள்ளை, பழுப்பு, நீலம் என்று கலந்து அடித்தோம். பீடத்துக்கு அடியில் மட்டும் அடையாளத்துக்கு ஒரு புள்ளி. தூக்கிப் பார்த்தால்தான் எந்தப் பக்கம் என்று தெரியும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே பெட்டிச் சிப்பாய் போதும் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது.

விளையாட்டை 1690இல் தொடங்கினோம். சிவாஜியின் மகன் ராஜாராம் கோட்டைக்குள்ளே, சுல்பிகர் கான் வெளியே. பகடை ஒருமுறை உருண்டால் மூன்று மாதம் என்று வைத்துக்கொண்டோம். அவன் மொகலாயன், நான் மராத்தியன். வேண்டுமென்றேதான் மாற்றிக் கொடுத்தேன். முதல் பத்து நிமிஷம் ஆவேசமாக மதிலை நோக்கி ஓடிவந்தான். பிறகு நான் சாந்தாஜி கோர்படேயையும் தனாஜி ஜாதவையும் வெளியிலிருந்து இறக்கி அவனுக்கு வரும் தானியத்தை அடைத்தேன். 1693 தொடக்கத்தில் நிஜத்திலும் மொகலாயப் படை முற்றுகையை விட்டு வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டி வந்தது.

பேரன் கடுப்பாகிவிட்டான். "இது சண்டையே இல்ல தாத்தா, சாப்பாட்டுக் கணக்கா இருக்கு" என்றான்.

அதுதான் உண்மை. ஏழு வருஷத்துக்கு மேல் நீண்ட முற்றுகையில் கத்தி சுழற்றிய நாள் கொஞ்சம், சோற்றுக்குக் காத்திருந்த நாள்தான் அதிகம். 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தது. ராஜாராம் அதற்குள் தப்பி வேலூர் போய்விட்டார்.

அப்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். "தாத்தா, நம்ம ஊர்க்காரங்க எந்தப் பக்கம்?"

சட்டென்று பதில் வரவில்லை. உள்ளே இருந்தவர் மகாராஷ்டிரத்துக்காரர், வெளியே நின்றவர் டெல்லி பாதுஷாவின் ஆள். உள்ளே தின்ற நெல்லும் வெளியே தின்ற நெல்லும் சுற்று வட்டாரத்து வயலில் விளைந்தது. புல் அறுத்தவன், விறகு சுமந்தவன், மூட்டை தூக்கியவன் எல்லாம் நம் மக்கள். பீஜப்பூர், மராத்தா, மொகலாயன், நவாப், 1750இல் பிரெஞ்சு, 1761இல் இங்கிலீஷ் என்று வந்தவர் மாறினார்களே தவிர, இவர்கள் வேலை மாறவில்லை. உலகத்தில் எந்தக் கம்பெனியும் இவர்களுக்கு ஒரு பெட்டி போடவில்லை.

என் மனைவி கீழே போய்ப் பரணிலிருந்து கொலுப் பெட்டியை இறக்கச் சொன்னாள். "கிராமத்து செட் இருக்கேங்க" என்றாள். நாற்று நடும் பெண், ஏர் உழுகிறவன், குடம் சுமப்பவள், அரிசி பருப்பைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்த செட்டியாரும் அவர் மனைவியும். எல்லாம் அரை அடி உயரம். அவர்களைக் கல்யாண மகாலுக்குப் பக்கத்தில், நெற்களஞ்சியத்தை ஒட்டி வரிசையாக வைத்தாள். மதிலைவிடச் செட்டியார் உயரமாக இருந்தார். சுல்பிகர் கான் அவர் முழங்காலுக்கு வந்தார்.

"பாட்டி, அளவு தப்பு. ரொம்பப் பெருசா இருக்காங்க" என்றான் பேரன்.

அளவு பார்த்தே காலம் கழித்தவன் நான். அவன் என் முகத்தைப் பார்த்தான்.

"இருக்கட்டும்டா" என்றேன்.

இப்போது அந்தச் சிப்பாய்கள் ஒரு ஷூ பெட்டியில் பீரோவுக்கு மேலே இருக்கிறார்கள். அடுத்த லீவுக்கு 1714 விளையாட வேண்டுமாம். தேசிங்கின் குதிரைக்கு இன்னும் பொம்மை கிடைக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் பினாகா காலத்துக் குதிரை ஏதாவது கிடந்தால், தூக்கிப் போட்டுவிடாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். கால் உடைந்திருந்தாலும் பரவாயில்லை, எம்-சீல் மீதம் இருக்கிறது.