இலக்கியத்துக்குப் பின் இலக்கணம்: அஜாக்ஸ் வளர்ந்த கதை

இலக்கியம் முன்னது, இலக்கணம் பின்னது என்பது தமிழ் மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. இணையத்திலும் அவ்வாறே நிகழ்ந்ததை அஜாக்ஸ் என்னும் நுட்பத்தின் வரலாறு காட்டுகிறது.

தொண்ணூறுகளில் வலைப்பக்கம் பெரும்பாலும் அச்சிட்ட தாளைப் போன்றே இருந்தது. வழங்கியிலிருந்து ஒரு வரி புதிதாக வேண்டுமென்றாலும் பக்கம் முழுவதும் மறுபடி வந்தாக வேண்டும். அதுவரை வாசகர் வெறுந்திரையைப் பார்த்திருக்க வேண்டியதுதான்.

இந்நிலையை மாற்றிய கருவி மைக்ரோசாஃப்டில் பிறந்தது. அலுவலக அஞ்சலை உலாவி வழியே படிக்க உதவும் அவுட்லுக் வெப் ஆக்சஸ் மென்பொருளுக்காக, அலெக்ஸ் ஹாப்மன் முதலியோர் எக்ஸ்எம்எல்எச்டிடிபி என்ற நிரற்கூறை எழுதினர். பக்கம் அப்படியே இருக்க, வேண்டிய தகவலை மட்டும் பின்னணியில் கேட்டுப் பெற அது வழிசெய்தது. 1999 மார்ச்சில் வெளியான இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5 உலாவியில் அது இடம்பெற்றது. பின்னர் மொசில்லாவும், 2004இல் ஆப்பிளின் சஃபாரியும் அதே வசதியை அளித்தன.

ஆயினும் படைத்த நிறுவனம் அதனைப் பெரிதாக வளர்க்கவில்லை. 2001இல் எக்ஸ்ப்ளோரரின் ஆறாம் பதிப்பை வெளியிட்டபின், ஏழாம் பதிப்பு வர 2006 ஆயிற்று. கணினியில் நிறுவும் மென்பொருளை விற்று வாழ்ந்த நிறுவனத்துக்கு, அம்மென்பொருளுக்கே போட்டியாக வலைப்பக்கம் வளர்வதில் என்ன ஆர்வம் இருந்திருக்கும்?

கூகுளின் நிலை வேறு. அதன் செல்வமெல்லாம் வலைப்பக்கத்தில்தான் இருந்தது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் அறிமுகமாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் வந்த கூகுள் சஜஸ்ட், தட்டும் எழுத்துக்கேற்பத் தேடற்சொற்களை முன்வைத்தது. 2005 பிப்ரவரியில் வந்த கூகுள் மேப்ஸில், மேசைமேல் விரித்த தாளைப் போல வரைபடத்தை நகர்த்த முடிந்தது.

அதே மாதம் 18ஆம் நாள் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் எழுதிய கட்டுரையே இம்முறைக்கு அஜாக்ஸ் என்று பெயரிட்டது. பெயர் கிடைத்ததும் நுட்பம் பரவிற்று. 2006 பிப்ரவரியில் யாஹூ தன் நிரல்தொகுப்பைப் பொதுவில் வைத்தது. ஏப்ரலில் டபிள்யூ3சி தர வரைவை வெளியிட்டது, இலக்கணம் பிறந்தது. மைக்ரோசாஃப்டும் 2007இல் தன் நிரல்தொகுப்பை அஜாக்ஸ் என்ற பெயரிலேயே வெளியிட்டது. தான் பெற்ற பிள்ளையை அயலார் இட்ட பெயரால் அழைக்க நேர்ந்தது.

இவ்வரலாற்றில் நம் பங்கும் உண்டு. பழைய பக்கத்தில் நாம் எழுதி முடித்து, பொத்தானை அழுத்திய பின்னரே சொல் வழங்கிக்குச் சென்றது. இன்றைய தேடற்பெட்டியிலோ, எழுதி முடிக்காத சொல்லும், அழித்துவிட்ட சொல்லும் அங்கே சென்றுவிடக்கூடும். காத்திருக்கும் துன்பம் நீங்கியது. அனுப்பலாமா வேண்டாமா என்று எண்ணிப் பார்க்க இருந்த சிறு இடைவெளியும் உடன் நீங்கியது. இந்த இழப்புக்கு நாம் இன்னும் ஒரு பெயர்கூட இடவில்லை.